பொய்த் தீட்டுக் காத்த நவராத்திரி

இதை எழுத உட்காருவதும், பென்சிலைச் சீவி வைத்துவிட்டு அரிசி களையப் போய்விடுவதுமாகப் பத்து வருஷம் ஓடிவிட்டது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைக்குப் பயந்துதான் தயங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம்; அது பாதி நிஜம். மீதி வெட்கம். அதற்கும் மேலே, இதில் சம்பந்தப்பட்ட ஒருவர், தம் மூச்சு இருக்கிற வரை இது வெளியே வரக் கூடாது என்று சொல்லியிருந்தார். போன ஆடியில் அவர் போய்ச் சேர்ந்தார். அப்போதும் நான் சும்மாதான் இருந்தேன். ஆனால் சென்ற மாதம் ஒரு கூட்டத்தில் இதே சங்கதியை வேறு ஒரு வாயால் வேறு மாதிரியாகக் கேட்டேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது. வீட்டுக்கு வந்து விளக்கேற்றி நமஸ்காரம் பண்ணிவிட்டு, இனிமேல் சும்மா இருந்தால் அதுவும் ஒரு பொய்தான் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். நாங்கள் திருவனந்தபுரத்தில் வலியசாலையில் இருந்தோம். வீட்டுக்காரர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. ஆட்சியில் ஜனங்களுக்கும் பங்கு வேண்டும் என்று அந்தப் புரட்டாசியில் ராஜ்ஜியம் கொதித்துக்கொண்டிருந்தது. கூட்டம் கூடக் கூடாது, ஊர்வலம் போகக் கூடாது. நேற்று வரை வந்த பத்திரிகை இன்று வராது. சந்தைக்குப் போன பையன் திரும்பவில்லை என்று ஏதாவது ஒரு வீட்டில் அழுகை கேட்கும். எனக்கு அரசியல் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த நாடு பத்மநாபனுடைய சொத்து, ராஜா அவனுக்கு அடிமை, நாங்கள் அந்த அடிமைக்குப் பிரஜைகள். சர்க்காருக்கு விரோதமாக நினைத்தால் அது பகவானுக்கே விரோதம் என்று சின்ன வயசிலிருந்து சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. சர்க்கார் சம்பளத்தில் வாங்கிய அரிசிதான் எங்கள் உலையில் கொதித்தது.

மகாளய அமாவாசை அன்று விடிகாலையில் கொல்லைக் கதவைத் தட்டிக்கொண்டு என் கொழுந்தன் வந்து நின்றான். வீட்டுக்காரருடைய சித்தி பிள்ளை. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தடை போட்ட கூட்டத்தில் பேசிவிட்டு, வாரண்டு பிறந்தது தெரிந்து, மூன்று நாளாக வாழைத்தோட்டத்திலும் வைக்கோல் போரிலும் படுத்துக் கிடந்திருக்கிறான். கூடப் பேசிய சிநேகிதனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"மன்னி, நவராத்திரி முடியற வரைக்கும் இங்கே இருந்துக்கறேன். சாமி திரும்பிப் போறச்சே கூட்டத்தோட கூட்டமா நடந்து போயிடுவேன்" என்றான்.

திருவனந்தபுரத்தில் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், குமாரகோயிலிலிருந்து முருகனும், சுசீந்திரத்திலிருந்து அம்மனும் ஊர்வலமாக வருவார்கள். பூஜை முடிந்ததும் அதே வழியாகத் தெற்கே திரும்புவார்கள். கூடவே நூற்றுக்கணக்கில் ஜனம் நடக்கும். சுசீந்திரம் போய்விட்டால் ஆரல்வாய்மொழி ஒரு எட்டு. அதைத் தாண்டினால் வெள்ளைக்காரன் சீமை, இங்கத்திய வாரண்டு செல்லாது. யோசனை நல்ல யோசனைதான். சாமிக்கு மரியாதையாகப் போலீசும் கூடவே நடக்கும் என்பதை மட்டும் அவன் யோசித்த மாதிரி தெரியவில்லை.

"போலீஸ் நடுவுலயா நடக்கப் போறே?" என்றேன்.

"அவா சாமியைப் பார்த்துண்டு வருவா மன்னி, என்னைப் பார்க்க மாட்டா."

எனக்கு எரிச்சல் வந்தது. நவராத்திரியில் எங்கள் தெருவில் ஒரு மனுஷனை ஒளித்து வைப்பது, நடுச் சந்தையில் யானையை ஒளித்து வைப்பது போலத்தான். ஒன்பது நாளும் சாயங்காலம் வீடு வீடாகப் பெண்கள் கொலு பார்க்க வருவார்கள். வந்தால் வாசலோடு போக மாட்டார்கள். பாடுவார்கள், சுண்டல் கேட்பார்கள், குழந்தைகள் ரேழியிலிருந்து கொல்லை வரை ஓடும். கொலு வைக்காமல் இருந்தால் ஏன் வைக்கவில்லை என்று கேட்கவே பத்துப் பேர் வருவார்கள்.

அவனுக்குக் காப்பி கொடுத்துவிட்டு இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது எதிர்வீட்டு மாமி, கொலுப்படிக்குப் பலகை வேணுமா என்று கேட்டுக்கொண்டே, பலகையும் கையுமாக எங்கள் வாசற்படி ஏறிவிட்டாள். கூடத்தில் இவன் டவராவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். வீட்டுக்காரர் பாய்ந்து போய் வாசலை மறித்து நின்றார்.

"மாமி, உள்ளே வராதீங்கோ. தீட்டு."

"தீட்டா? ஆருக்கு?"

இருபது வருஷத்தில் ஒரு காய்கறிக்காரியிடம்கூடச் சாமர்த்தியமாகப் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அன்றைக்கு வாயில் சரஸ்வதியே வந்து உட்கார்ந்தாள் போலிருக்கிறது. "கல்லிடைக்குறிச்சிப் பெரியப்பா. நேத்துப் போயிட்டாராம். தந்தி வந்தது."

மாமி பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே படியிறங்கினாள். "அடடா, நல்ல நாளும் அதுவுமா" என்று சொல்லிக்கொண்டே போனாள். அரை மணியில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பத்து நாள் எங்கள் வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். கொலு கிடையாது, சுண்டல் கிடையாது, கேள்வியும் கிடையாது. கொழுந்தன் கூடத்தில் உட்கார்ந்தபடியே, "பேஷ் அண்ணா" என்றான்.

"பெரியப்பா குத்துக்கல்லாட்டம் இருக்காரே" என்றேன் நான்.

"இருக்கட்டுமே. செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கூடும்னு சொல்லுவா" என்றார் வீட்டுக்காரர்.

"அவருக்கு ஆயுசு கூடட்டும். பெரியப்பா நமக்கு மட்டுமா பங்காளி?"

அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் வாசலில் குரல் கேட்டது.

எங்கள் தெருவின் கோடியில் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறையில் ஒரு அண்ணா இருந்தார். பழவங்காடியில் பூஜைச் சாமான் கடையில் நிற்பவர். ஐம்பது வயசு இருக்கும். கல்லிடைக்குறிச்சிப் பெரியப்பா அவருக்கும் பெரியப்பாதான். எங்களுக்குத் தீட்டு என்றால் அவருக்கும் பத்து நாள் தீட்டு. சேதி கேட்ட மாத்திரத்தில் குளித்துவிட்டு, ஈர வேஷ்டியோடு, தலையிலிருந்து ஜலம் சொட்டச் சொட்ட எங்கள் வாசலில் நின்றார்.

"எப்போடா வந்தது தந்தி?"

"காலம்பறதான்…" என்றார் வீட்டுக்காரர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார் பங்காளி.

விரல் விட்டு எண்ணினார். "நவமி அன்னிக்குத்தான் கழியும்" என்றார். பிறகு, "ஒரு நாள் கழிச்சு வந்திருக்கப்படாதா அந்தத் தந்தி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதன் அர்த்தம் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் அகமுடையாள் வாதம் வந்து விழுந்தாள். அப்போது அவர் ஒரு வேண்டுதல் செய்துகொண்டார்: பன்னிரண்டு நவராத்திரி, ஒரு நாளும் விடாமல், தெருப் பொதுமடத்தில் தேவி பாராயணம் செய்வதாக. பதினொன்று ஆகிவிட்டது. அந்த அம்மாளும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும்படி ஆகியிருந்தாள். அந்த வருஷம் பன்னிரண்டாவது. மறுநாள் பிரதமையில் சங்கல்பம் செய்துகொண்டு உட்கார வேண்டியவர். சங்கல்பம் செய்துகொண்ட பிறகு சாவுச் சேதி வந்தால் அந்தக் காரியத்தைத் தீட்டு ஒட்டாது. அதற்கு முன்னால் வந்தால் உட்காரவே கூடாது. நடுவில் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து பன்னிரண்டு. எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பொய்யை இருபத்து நாலு மணி நேரம் தள்ளிச் சொல்லியிருந்தால் போதும். சொன்னவருக்கும் தெரியும், கேட்ட எனக்கும் தெரியும். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. கொழுந்தன் மட்டும் இரண்டாம் தரம் மோர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அவனைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவனோடு காலம் தள்ளுவது லேசில்லை. பொடி போடுவான், போட்டால் தும்முவான், தும்மினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். பத்திரிகை இல்லாமல் பைத்தியம் பிடிக்கிறது என்பான். இரண்டாம் நாள், தாழ்ந்த குரலில் பேசத் தெரியாமல், "இந்தத் தீட்டு, மடி எல்லாம் மூடப்பழக்கம் மன்னி. சுதந்திரம் வந்தா முதல்ல இதைத்தான் ஒழிக்கணும்" என்று ஆரம்பித்தான்.

"ஒழி. அந்த மூடப்பழக்கத்துக்குள்ளதான் இப்போ உக்காந்து சாப்பிடறே. அதுக்குக் கொஞ்சம் மரியாதையா மெல்லப் பேசு" என்றேன்.

இன்னொன்றும் கேட்டேன். அது என் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. "உன் சிநேகிதன் உள்ளே இருக்கான். நீ தப்பிச்சுப் போறே. இது செரியா?"

"நான் ஓடலை மன்னி. போறேன். இங்கே ஒரு வரி எழுத முடியாது. அங்கே போய் எழுதினா உலகத்துக்குத் தெரியும்."

"அவனுக்கு அது தெரியுமா? நீ எழுதப் போறேன்னு?"

மோர்த் தம்ளரை எடுத்துக் குடித்தான். கொஞ்சம் கழித்து வெளியே யாரோ கட்டைச் செருப்போடு போன சத்தம் கேட்டது. தம்ளரை அப்படியே போட்டுவிட்டு அரிசிக் குதிருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டான். அதைப் பார்த்த பிறகு நான் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. அவன் வீரன் இல்லை. வாய்ப்பேச்சுக்காரன், அகப்பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்து நடுங்குகிறவன். சோறு போடுவதற்கு அவன் வீரனாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட நான் யார்? வாசலில் வந்து நின்றவனைத் திருப்பி அனுப்பச் சொல்லி எந்த சாஸ்திரமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ராஜாவுக்கு விரோதமோ இல்லையோ, அதைப் பத்மநாபனே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். அந்த மட்டில் என் மனசு தெளிந்திருந்தது.

தெளியாதது பங்காளி விஷயம்தான். இவனை நான் காப்பாற்றுகிறேன், சரி. அதற்கு உண்டானதை நான்தானே கொடுக்க வேண்டும்? என் கொலுப் பொம்மை பெட்டியில் கிடக்கட்டும், என் வீட்டுக்காரர் வேலை போகட்டும். யாரோ ஒருவருடைய பதினோரு வருஷத்தை அவரைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்க எனக்கு என்ன உரிமை? தினம் சாயங்காலம் மடத்தில் மணி அடிக்கும். அவருக்குப் பதிலாக உட்கார்ந்த ஒரு வாத்தியார் ரயில் பிடிக்கிற மாதிரி ஓடி ஓடி வாசிப்பார். பங்காளி தம் வீட்டு வாசலில் வந்து, மடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். வாய் மட்டும் அசையும்.

"சொல்லிடலாமா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"சொல்லாதே. தெரிஞ்சவா எத்தனை குறைச்சலோ அத்தனை நல்லது."

"அவர் காட்டிக்கொடுப்பாரா?"

"மாட்டார். அதுக்காகச் சொல்லலை." பின்னே எதற்காக என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் புரியவில்லை. புரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சதுர்த்தி அன்று மத்தியானம், தீட்டுக்காரருக்குத் தீட்டுக்காரர் வீட்டுக்குப் போகத் தடையில்லையே என்று, கொல்லை வழியாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாளிடம் சொன்னேன். பங்காளி உள்ளறையில் இருந்தார். அதுவரை நான் அவரோடு நேருக்கு நேர் பேசியதில்லை. கதவோரம் நின்று அவர் அகமுடையாள் மூலமாகத்தான் பேசுவது. அன்றைக்கு நான் அழுதுகொண்டே சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்துவிட்டது. வெளியே வந்தார். அவர் சந்தோஷப்படுவார், எழுந்து குளித்துவிட்டு மடத்துக்குப் போவார், குறைந்தது மனசாவது ஆறும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவ்வளவு மக்கு நான்.

"இதை எதுக்கு என்கிட்டே சொன்னே?" என்றார்.

நான் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"கேக்கறேன். எதுக்குச் சொன்னே? நேத்து வரைக்கும் நான் தீட்டுக்காரன். போகப்படாதுன்னு சாஸ்திரம் சொல்லித்து, போகலை. என் மேலே ஒரு குத்தமும் இல்லை. அம்பாளுக்குத் தெரியும். இப்போ? எனக்குத் தீட்டு இல்லைன்னு தெரிஞ்சப்புறம் ஆத்துல உக்காந்திருந்தா அது நான் பண்ற பொய். எழுந்து போனா, தீட்டு எங்கேடான்னு தெருவே கேக்கும், அந்தப் பிள்ளை ஜெயிலுக்குப் போவான். உன் நெஞ்சுல இருந்த பாரத்தை இறக்கி என் தலையில வெச்சுட்டு, நீ லேசாப் போலாம்னு பார்த்தியா?"

"மன்னிச்சுக்கோங்கோ. மனசு கேக்கலை…"

"உன் மனசு கேக்கலைன்னா உன் மனசோட சண்டை போடு. என் பாராயணத்தோட ஏன் போடறே? உன் ஆத்துக்காரன் மடையன், தெரியாமப் பண்ணினான். நீ தெரிஞ்சு பண்ணினே."

அவர் அகமுடையாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "போறும் விடுங்கோ. எனக்காகத்தானே நேந்துண்டேள். நான் இப்படியே நடந்தாப் போறும். ஓட வேண்டாம்" என்றாள்.

"நீ சும்மா இரு. உன் காலைக் கேட்டுண்டு நான் நேந்துக்கலை" என்று அவளிடமும் விழுந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "போ. யார்கிட்டேயும் சொல்லாதே. என் மூச்சு இருக்கற வரைக்கும் சொல்லாதே. போய் அவனுக்குச் சாதம் போடு" என்றார்.

அவர் மடத்துக்குப் போகவில்லை. அன்றும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை.

அஷ்டமி அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். காலை பத்து மணி இருக்கும். ஒரு போலீஸ்காரன் தெருவுக்குள் வந்தான். நாயர், நெற்றியில் சந்தனம். எங்கள் கொழுந்தனுக்கு இந்தத் தெருவில் உறவு உண்டு என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். தெருக்கோடியில் பங்காளி தம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்; பேச்சும் காதில் விழுந்தது. பின்னாலே கொழுந்தன் சமையலறை மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அந்த நிமிஷத்தில் அவனுடைய ஆயுசு அந்தத் தெருக்கோடியில் நின்றவர் நாக்கில் இருந்தது.

"சாமி, இவிடெ ஆரெங்கிலும் புதிய ஆள் வந்நோ?" என்று மலையாளத்தில் கேட்டான் போலீஸ்காரன், யாராவது புது ஆள் வந்தார்களா என்று.

பங்காளி பொய் சொல்லாதவர். கடையில் பழைய கற்பூரத்தைப் புதுசு என்று சொல்ல மாட்டேன் என்று முதலாளியோடு சண்டை போட்டவர். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"எனிக்குப் புலையாணு. அடுத்து வரருது" என்றார்.

தீட்டை அவர்கள் புலை என்பார்கள்; எனக்குத் தீட்டு, கிட்டே வரக் கூடாது என்று அர்த்தம். நவராத்திரி அஷ்டமியில் தீட்டுக்காரனைத் தொட எந்த நாயருக்கு மனசு வரும்? அவன் இரண்டடி பின்னால் போனான். "குடும்பத்தில் ஆரா சாமி?" என்று மரியாதையாக விசாரித்தான். "பெரியப்பா. எங்க ரெண்டாத்துக்கும் உண்டு" என்று எங்கள் வீட்டையும் கை காட்டினார். போலீஸ்காரன் எங்கள் வாசலைத் தாண்டும்போது எதிர்ச்சாரியில் ஒதுங்கி நடந்து போனான்.

பங்காளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் அன்றைக்குச் சொன்னது சத்தியமாக இருந்திருக்கும். அதே வார்த்தை, அதே வாய். நான் சொன்னதனால் அது பொய்யாகிவிட்டது. தேவியின் அஷ்டமியில், வாழ்க்கையில் முதல் பொய்யை அவர் வாயில் வைத்தவள் நான். 'சொல்லாதே' என்று வீட்டுக்காரர் சொன்னதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

நவமிக்குப் பிறகும் மூன்று நாள் தலைவலி, வயிற்றுவலி என்று கதவைச் சாத்தியே சமாளித்தேன். சாமி திரும்புகிற அன்று காலையில் கொழுந்தன் தலையை மழித்துக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு நின்றான். வேஷ்டி அழுக்காயிருக்கிறது, சலவை வேஷ்டி இல்லையா என்று கேட்டான்.

"நடந்து போற பக்தனுக்கு எதுக்குடா சலவை வேஷ்டி" என்றார் வீட்டுக்காரர்.

"கோடியாத்து அண்ணாவை நமஸ்காரம் பண்ணிட்டுப் போகட்டுமா?" என்றான். அவனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நான் கொல்லை வழியாக ஓடிப் போய்க் கேட்டேன். "வர வேண்டாம். அவன் முகத்தை நான் பார்க்கலை. பார்க்காம இருந்தா இனி ஒரு பொய்யாவது குறையும்" என்று பதில் வந்தது. அதையும் அவனிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். ஆரியசாலையிலிருந்து செண்டை மேளம் கேட்டதும் கூட்டத்தில் கலந்துவிட்டான். ஆறு நாள் கழித்து, திருநெல்வேலியிலிருந்து, கையெழுத்து இல்லாத ஒரு கார்டு வந்தது: 'சுகமாகச் சேர்ந்தேன். பொடி இங்கே உசத்தி.' படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். சந்தோஷமாகவும் இருந்தது, நாலு வார்த்தை திட்டவும் தோன்றியது.

அவன் சொன்னபடி எழுதினான் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே பத்திரிகைகளில் எழுதினான். இவனைப் போல ஓடி வந்தவர்களுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுத்தான். சிநேகிதன் உடம்பு நொறுங்கி ஜெயிலிலிருந்து வெளியே வந்ததும் அவனை அழைத்துக்கொண்டு போய்ப் பல மாதம் வைத்தியம் பார்த்தவனும் இவன்தான். அதையெல்லாம் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பங்காளி அடுத்த வருஷம் ஒன்றிலிருந்து தொடங்கினார். எங்களோடு பேச்சு உண்டு, போக்குவரத்து உண்டு. அந்த விஷயம் மட்டும் கிடையாது. பிரசாதம் கொடுக்கும்போது என் கையில் கொஞ்சம் உயரத்திலிருந்து போடுவார். ஒன்பது நவராத்திரி முடிந்திருந்தது. போன ஆடியில் போய்விட்டார். அவருக்கு நாங்கள் காத்த பத்து நாள் தீட்டு நிஜத் தீட்டு.

சென்ற மாதம், வடக்கே நாடு பிரிந்ததில் வீடு வாசல் இழந்து வந்தவர்களுக்குத் துணியும் பாத்திரமும் சேர்க்க ஒரு கூட்டம் போட்டார்கள். கொழுந்தன் இப்போது பெரிய மனுஷன், அவன்தான் பேசினான். அகதிக்கு இடம் கொடுப்பது எப்படி என்று காட்ட இந்தக் கதையை எடுத்தான். "உயிரோட இருக்கிற ஒரு கிழவனுக்கு ஒரு குடும்பமே தீட்டுக் காத்தது, ஒருத்தர் பாராயணத்தையே விட்டுட்டு வாசலில் நின்றார், பாவம், கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது" என்றான். சபை சிரித்தது. அவருக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். சிரிப்புக்காக மாற்றிவிட்டான். கூட்டம் முடிந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், அந்தப் பாராயணக்காரர் பெரிய தேசபக்தராம், வேண்டுமென்றே தியாகம் செய்தாராம், தான் கேள்விப்பட்டது அப்படித்தான் என்றாள். அதுவும் இல்லை.

"ஏண்டா அப்படிச் சொன்னே?" என்று அவனைக் கேட்டேன். "அண்ணா பேர் கெடப்படாதுன்னுதான் மன்னி. தெரிஞ்சு பொய் சொன்னார்னு சபையில சொல்ல முடியுமா?" என்றான். ஏமாந்தவர் என்றால் பேர் கெடாதாம்.

அந்தக் கூட்டத்துக்கு நானும் நாலு புடவையும் ஒரு வெண்கலப் பானையும் கொடுத்தேன். என் வாசலில் மறுபடி ஒருவன் ஓடி வந்து நின்றால் கதவைத் திறப்பேன். ஆனால் அவனுக்காக அடுத்த வீட்டுக்காரர் எதைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று முதலில் யோசிப்பேன். முன்னாலேயே கேட்க முடிந்தால் கேட்பேன். முடியாவிட்டால், என் மனசு லேசாவதற்காகப் பின்னால் போய்ச் சொல்ல மாட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் பிறருக்குச் சொல்லுங்கள். சொன்னால் இப்படியே சொல்லுங்கள். சிரிப்புக்காக அவரை ஏமாளி ஆக்க வேண்டாம், கைதட்டலுக்காகத் தேசபக்தர் ஆக்கவும் வேண்டாம். அவருக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். தெரிந்து, பிடிக்காமல், எங்களையெல்லாம் திட்டிக்கொண்டே அந்தப் பிள்ளையைக் காப்பாற்றினார். அந்தத் திட்டையும் விடாமல் சேர்த்துச் சொல்லுங்கள்.